பிரான்ஸில் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்களா? எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்

பிரான்ஸுக்கு வந்து கொஞ்ச நாளான நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே மனக்குறை திரும்பத் திரும்ப வரும். பேக்கரியில் வெடுக்கென்று பேசினார்கள், மருந்துக்கடையில் கண்டும் காணாமல் இருந்தார்கள், அலுவலகக் கவுன்ட்டரில் எரிந்து விழுந்தார்கள், ஆக மொத்தம் இவர்களுக்கு நம்மைக் கண்டாலே ஆகாது. இதில் ஒரு பங்கு உண்மையிலேயே பாகுபாடுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். பெரும்பங்கு, பேச்சின் முதல் ஐந்து நொடிக்குள் சொல்ல வேண்டிய ஒரு சொல் விட்டுப்போனதால் வருவது. அதைச் சரிசெய்ய பிரெஞ்சு இலக்கணத்தைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டாம். பதினைந்து இருபது தொடர்கள் வாயில் பழகியிருந்து, எதை எங்கே வைப்பது என்று தெரிந்தால் போதும்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். பிரெஞ்சு மூக்கொலிகளைத் தமிழ் எழுத்து முழுதாகப் பிடிக்காது. அதனால் இங்கே படித்ததை உள்ளூர்க்காரர் வாயிலிருந்து ஒரு தடவை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் ஏதாவது கேட்டால், பதிலுக்கு அழுத்தமாக "போன்ஜூர்" என்கிறார்கள்

எல்லாவற்றுக்கும் மூத்த கோளாறு இதுதான். ரயில் நிலையத்தில் சீருடை போட்டவரிடம் போய் "பார்தோன், லியோன் ரயில் எந்த நடைமேடை?" என்று கேட்கிறீர்கள். அவர் ஒரு கணம் உங்களையே பார்க்கிறார். அப்புறம் "போன்ஜூர்" என்று நிறுத்திச் சொல்கிறார். உங்களுக்கு அது வணக்கம் மாதிரி கேட்கும். அவர் சொன்னதோ, "முதலில் வணக்கம் சொல்லிவிட்டுக் கேள்" என்று.

"பார்தோன்" சொன்னேனே, அது மரியாதைச் சொல்தானே என்று தோன்றும். அது மன்னிப்பு மட்டும்தான். இங்கே போன்ஜூர் சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. அதற்கு முன்னால் கேட்கும் எதுவும், எதிரில் இருப்பவரை டிக்கெட் இயந்திரமாக நினைத்துக் கேட்டதாகவே படும். நம்மிடமும் இதற்கு ஒரு வழி உண்டு, அது உறவுமுறைச் சொல்லில் இருக்கிறது. பாரிஸ் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளில் "அண்ணை, முருங்கைக்காய் இருக்கோ?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. "அண்ணை" என்ற அந்தச் சொல்லிலேயே ஆளை ஆளாக மதித்தாகிவிட்டது. பிரெஞ்சுக்காரரை அண்ணை என்று கூப்பிட முடியாது. அந்த வேலையைச் செய்வது, பெண்ணென்றால் "போன்ஜூர் மதாம்", ஆணென்றால் "போன்ஜூர் முஸ்யூ".

எங்கெல்லாம் சொல்ல வேண்டும்? சின்னக் கடைக்குள் காலெடுத்து வைத்ததும், வாங்குகிறீர்களோ இல்லையோ, சொல்லுங்கள். பேருந்தில் ஏறும்போது ஓட்டுநரிடம். சூப்பர்மார்க்கெட்டில் உங்கள் முறை வந்ததும் காசாளரிடம். சந்தையில் காய்கறிக்காரரிடம். லிஃப்டில் ஏற்கெனவே நிற்பவரிடம், அடுக்குமாடிப் படிக்கட்டில் எதிரே வருபவரிடம். டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு போன்ஜூர். இந்தக் கடைசி இடம் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. அங்கே இருப்பவர்கள் பதிலுக்கு முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான், ஆனால் சொல்லாமல் உட்கார்ந்தால் கவனிப்பார்கள். மெட்ரோ பெட்டிக்குள்ளும் நகரத் தெருவில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவரிடமும் தேவையில்லை. வழி கேட்பதானால் மட்டும் "போன்ஜூர், எக்ஸ்க்யூஸே முவா து வூ தெராஞ்ஜே", அதாவது உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும், என்று தொடங்குங்கள். இந்த ஒரு தொடருக்கு நின்று பதில் சொல்லாதவர்கள் மிகக் குறைவு.

சொல்ல மறந்துவிட்டீர்கள், அவரும் திருத்திவிட்டார். இப்போது என்ன செய்வது? கேள்வியை மறுபடி சத்தமாகச் சொல்லாதீர்கள். நிறுத்துங்கள். "போன்ஜூர் முஸ்யூ, பார்தோன்" என்று சொல்லி, அவர் தலையசைக்கும்வரை பொறுத்து, முதலிலிருந்து கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே சூடு தணிந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு வன்மம் பாராட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. 2013-இல் நீஸ் நகரக் கஃபே ஒன்று வாசலில் விலைப்பலகை வைத்தது. வெறுமனே "ஒரு காபி" என்றால் 7 யூரோ. "ஒரு காபி, சில் வூ ப்ளே", அதாவது தயவுசெய்து, என்றால் 4.25. "போன்ஜூர், ஒரு காபி, சில் வூ ப்ளே" என்றால் 1.40. அந்தப் பலகையின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இங்கே கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொருவர் மனதிலும் இருப்பதை அது எழுதிக் காட்டிவிட்டது. 4.25-க்கும் 1.40-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு போன்ஜூர் என்பதைக் கவனியுங்கள்.

போன்ஜூர் சொல்லியும் முகம் மலரவில்லை

சொன்ன விதத்தைப் பாருங்கள். கைப்பேசியைப் பார்த்தபடி, உதட்டுக்குள் சொன்னால் அது கணக்கில் வராது. கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், பதில் போன்ஜூருக்கு இடம் விடுவது. "போன்ஜூர்எனக்கொருபடிவம்வேண்டும்" என்று ஒரே மூச்சில் கொட்டினால் சொல்லாத மாதிரிதான்.

மதாம், முஸ்யூ சேர்த்தீர்களா? நட்பான கடையில் இல்லாமலும் நடக்கும், அலுவலகத்தில் சேர்ப்பது நல்லது. பெண்களில் வயதுவந்த எல்லாருமே மதாம். கல்யாணமாகாத பெண்ணைக் குறிக்கும் "மத்முவாஸெல்" வேண்டாம். 2012 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சுற்றறிக்கையே அந்தச் சொல்லை அரசுப் படிவங்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது. இளம்பெண்ணிடம் செல்லமாகச் சொல்கிறோம் என்று நினைத்தால், நீ கல்யாணமானவளா என்று விசாரித்த மாதிரி ஆகிவிடும். "சலூ" நண்பர்களுக்கும் நெருங்கிய சக ஊழியர்களுக்கும் உரியது. வங்கி மேலாளரிடம் சலூ சொன்னால் அவர் புருவம் உயரத்தான் செய்யும்.

ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவை போன்ஜூர் சொன்னாலும் சிக்கல் உண்டு. காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று பொருள்படும். மதியம் மறுபடி எதிர்ப்பட்டால் புன்னகையோ "ரெபோன்ஜூர்" என்பதோ போதும். மாலையில் எப்போது "போன்சுவார்" ஆகிறது என்பதற்குக் கறாரான நேரம் கிடையாது. ஐந்து, ஆறு மணிவாக்கில் மாறும், எதிராளி எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லிவிடலாம். "பொன் நுயி" மட்டும் படுக்கப் போகிறவருக்குச் சொல்வது. இரவு ஒன்பது மணிக்குக் கடையை விட்டு வரும்போது சொல்ல வேண்டியது "பொன் சுவாரே". பகலில் "பொன் ஜூர்னே". வெளியே வரும்போது இதைச் சொல்லாமல் வருவதும், உள்ளே போகும்போது போன்ஜூர் சொல்லாததும் கிட்டத்தட்ட ஒரே எடைதான்.

"சில் வூ ப்ளே" போட்டும் கட்டளை இடுவது போலக் கேட்கிறதாம்

வினைச்சொல்லைச் சோதியுங்கள். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே வந்துவிடும். "ஒரு கிலோ குடுங்க" என்றால் யாருக்கும் குறையில்லை, "தயவுசெய்து" சேர்த்தால்தான் விசித்திரமாக இருக்கும். அதே நினைப்பில் பிரெஞ்சில் "தொன்னே முவா" என்கிறோம். அதில் "ங்க" இருக்கிறது, ஆனால் அந்த "ங்க" மரியாதைக்குப் போதாது. "ஜு வெ", எனக்கு வேண்டும், என்பது இன்னும் மோசம். மிட்டாய்க்கு அடம்பிடிக்கும் குழந்தையிடம் இங்கே பெற்றோர் திருத்தும் முதல் சொல்லே அதுதான்.

மாற்றாக மூன்று வடிவங்கள் போதும். பொருள் வாங்க "ஜு வூத்ரே". உணவகத்தில் "ஜு வே ப்ராந்த்ரு". ஒருவரிடம் உதவி கேட்க "எஸ்க் வூ பூரியே", உங்களால் முடியுமா என்ற பணிவு வடிவம். பேக்கரியில் இது எப்படி ஓடுகிறது என்று முழுதாகப் பார்த்துவிடுவோம். இந்த உரையாடல் நாக்கில் ஏறிவிட்டால் பாதிக் கடைகளைச் சமாளித்துவிடலாம்.

— போன்ஜூர் மதாம்.
— போன்ஜூர் முஸ்யூ.
— ஜு வூத்ரே யூன் த்ராதிசியோன், பா த்ரோ க்வித், சில் வூ ப்ளே.
— ஏ அவெக் சுசி?
— சு சுரா தூ, மெர்சி.
(காசு கொடுக்கிறீர்கள்.)
— மெர்சி, பொன் ஜூர்னே.
— மெர்சி, வூஸோஸி. ஓ ர்வுவார்.

த்ராதிசியோன் என்பது 1993-இல் வந்த அரசாணைப்படி பதப்படுத்தும் சேர்மானங்கள் இல்லாமல் செய்யப்படும் பகெத் என்ற நீள ரொட்டி. "பா த்ரோ க்வித்" என்றால் ரொம்ப முறுகலாக வேண்டாம். முறுகல் பிடித்தவர்கள் "பியான் க்வித்" என்று கேட்கலாம். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் "ஏ அவெக் சுசி?" அதைக் கேட்டதும் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று விழிப்பார்கள். "இதோடு வேறென்ன தரட்டும்?" என்றுதான் கேட்கிறார். "சு சுரா தூ, மெர்சி", அவ்வளவுதான், நன்றி, என்று முடித்துவிடுங்கள். அவர் "பொன் ஜூர்னே" என்றதும் மறுமொழி சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டாதீர்கள். "வூஸோஸி", உங்களுக்கும், என்று சொல்லி முடிப்பதில்தான் வாடிக்கையாளர் பழகிய முகமாகிறார். நாலைந்து தடவை இப்படிப் போனால் நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே பா த்ரோ க்வித் பகெத் கைக்கு வந்துவிடும்.

உணவகத்தில் பரிமாறுபவரை "கார்சோன்" என்று கூப்பிடாதீர்கள். பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும், இன்று அது "டேய் பையா" என்று கூப்பிடுவதற்குச் சமம். விரல் சொடுக்குவதும் ஆகாது. கண்ணைப் பிடித்து, கையை லேசாக உயர்த்தி, "சில் வூ ப்ளே" என்றால் வருவார். பில் வேண்டுமென்றால் "லாதிஸியோன், சில் வூ ப்ளே".

இன்னும் வேண்டும் என்று "மெர்சி" சொன்னேன், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்

விருந்தில் "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்கும்போது வெறும் மெர்சி என்றால், கூட ஒரு தலையசைப்போ கையசைப்போ இருந்தால், போதும் என்று பொருளாகிவிடும். வேண்டுமென்றால் "வொலோன்தியே" அல்லது "உய், ஜு வெ பியான்" என்று சொல்லுங்கள். வேண்டாமென்றால் "நோன் மெர்சி". நம் வீடுகளில் மாதிரி இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தால் பசியோடுதான் வீடு திரும்ப வேண்டும், முதல் மறுப்பையே அவர்கள் நம்பிவிடுவார்கள்.

உங்களுக்கு ஒருவர் நன்றி சொன்னால்: தெரிந்தவரிடம் "து ரியான்", சற்றுத் தள்ளி நிற்கும் உறவென்றால் "ஜு வூஸான் ப்ரீ". தெற்கே, துலூஸ் பக்கம் போனால் "அவெக் ப்ளெஸீர்" என்பார்கள். இன்னொன்று, வீட்டுக்குள்ளும் மெர்சி உண்டு. உப்பை நகர்த்தித் தரும் தாய்க்கும் பிள்ளை மெர்சி சொல்லும். நமக்கு அது அந்நியமாகப் படலாம், ஆனால் பிரெஞ்சு மருமகளோ மருமகனோ வந்த வீடுகளில் இந்த ஒரு சொல் இல்லாததை வைத்தே எத்தனை மனத்தாங்கல்! அவர்கள் கண்ணில் அது அலட்சியம், நம் கண்ணில் நன்றி சொல்வதுதான் அந்நியம். இருதரப்புக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

வயதில் சின்னவரிடம் "த்யூ" என்றேன், முகம் இறுகிவிட்டது

நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால் "த்யூ", "வூ" எளிது என்று நினைக்கிறோம். ஏமாறும் இடமே அதுதான். தமிழில் மரியாதை ஒருவழியாகப் போகலாம். பெரியவர் நீ என்பார், சின்னவர் நீங்கள் என்பார், இருவருக்கும் அதில் வருத்தமில்லை. பிரெஞ்சில் வயதுவந்த இருவருக்குள் அது இருவழி. நீங்கள் வூ என்றால் அவரும் வூ, நீங்கள் த்யூ என்றால் அவரும் த்யூ. ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக் காசாளரை த்யூ என்றால் அவரைக் கீழே வைத்துப் பேசியதாக ஆகும். தம்பி, தங்கச்சி என்ற பாசம் அந்தச் சொல்லில் தொனிக்காது.

சரிசெய்ய எளிய விதி: குழந்தைகள், வீட்டு விலங்குகள், நண்பர்கள், குடும்பம் தவிர எல்லாருக்கும் வூவில் தொடங்குங்கள். "ஓன் பெ சு த்யுத்வாயே", நாம் த்யூ போட்டுப் பேசலாமே, என்று மற்றவர் கேட்டால் அப்போது மாறலாம். அப்படிக் கேட்பது பொதுவாக மூத்தவர் அல்லது மேலதிகாரியின் உரிமை, நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். அவர் கேட்ட பிறகும் நீங்கள் வூவிலேயே நின்றால் இடைவெளி வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். இளைஞர்கள் நிறைந்த பல அலுவலகங்களில் முதல் நாளிலிருந்தே த்யூதான், அங்கே ஊரோடு ஒத்துப்போங்கள்.

மாறிய பிறகு வால் பிடிபடாமல் போவது இன்னொரு கோளாறு: த்யூ போட்டுப் பேசிவிட்டு "சில் வூ ப்ளே" என்று முடிப்பது. த்யூ என்றால் "சில் து ப்ளே".

வூ என்றால் விலகல், த்யூ என்றால் அன்பு என்று கணக்குப் போடவும் வேண்டாம். முன்னாள் அதிபர் ழாக் ஷிராக்கும் அவர் மனைவி பெர்னதெத்தும் ஒருவரையொருவர் வூ என்றே அழைத்தவர்கள். மறுபக்கம், 2018 ஜூன் 18 அன்று மோன் வலேரியன் நினைவு நிகழ்ச்சியில் ஒரு பதின்வயதுப் பையன் அதிபர் மக்ரோனை "ஸா வா, மனு?", எப்படி இருக்கே மனு, என்று அவர் பெயரான இம்மானுவேலைச் செல்லமாகச் சுருக்கிக் கேட்டான். அதிபர் நின்று, என்னை முஸ்யூ லு ப்ரெஸிதான் என்றோ முஸ்யூ என்றோ கூப்பிடு என்று திருத்தினார். பையனிடம் அவர் பேசியது த்யூவில். பையன் சிறுவன் என்பதால் அது செல்லும்.

காதில் விழவில்லை என்று கேட்டேன், சலித்துக்கொண்டார்

"குவா?" என்று கேட்டிருப்பீர்கள். அது நம் "என்னாது?" மாதிரி, நண்பர்களுக்குள் மட்டும். "ஹே(ன்)?" அதைவிடக் கீழே. வெளியாரிடம் "பார்தோன்?" என்று குரலை உயர்த்திக் கேளுங்கள். விடாமல் வேகமாகப் பேசுகிறார் என்றால் "வூ பூவே ரெபெத்தே, சில் வூ ப்ளே?", திரும்பச் சொல்ல முடியுமா. புரியாமலே தலையாட்டுவது மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். ப்ரெஃபெக்த்யூர் என்ற அரசு நிர்வாக அலுவலகக் கவுன்ட்டரில் அப்படித் தலையாட்டியதால் ஒரு ஆவணம் குறைந்து, மறுபடி நேரம் வாங்கி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மின்னஞ்சலுக்குப் பதிலே வருவதில்லை

பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் "எனக்குச் சான்றிதழ் வேண்டும். அவசரம். மெர்சி" என்று மூன்று துண்டாக எழுதினால் ஒரு காரணத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். இப்படி மாற்றுங்கள்.

தலையில், பெயர் தெரியாவிட்டால் "மதாம், முஸ்யூ,". தெரிந்தால் "போன்ஜூர் மதாம்,". அடுத்த வரி "ஜு மு பெர்மே து வூ கோந்தாக்தே", உங்களைத் தொடர்புகொள்ள உரிமை எடுத்துக்கொள்கிறேன், என்று தொடங்கி, எந்த விஷயம், கோப்பு எண் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். கோரிக்கை "பூரியே வூ" என்று கேள்வியாக இருக்கட்டும். "மெர்சி து..." என்று வினைச்சொல் சேர்த்து எழுதுவதைத் தவிருங்கள், நன்றி போலத் தெரிந்தாலும் அது மேலிருந்து வரும் உத்தரவின் நடை. முடிவில் "ஜு வூ ரெமெர்சி பார் அவான்ஸ்", முன்கூட்டிய நன்றி, அதன் கீழே "கோர்தியால்மான்", அன்புடன். இதைச் சுருக்கி மூன்றெழுத்தில் எழுதுவது சோம்பலாகத் தெரியும். "பீஸ்", "பிஸூ" முத்தங்கள், அதாவது நண்பர்களுக்கு.

காகிதக் கடிதம் என்றால் அந்த நீளமான முடிவுரை இன்னும் உயிரோடு இருக்கிறது: "ஜு வூ ப்ரீ தாக்ரேயே, மதாம், முஸ்யூ, லெக்ஸ்ப்ரெசியோன் து மே சலூத்தாசியோன் திஸ்தேங்கே". மனப்பாடம் தேவையில்லை, அப்படியே பார்த்து எழுதுங்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். கடிதத்தின் தொடக்கத்தில் எப்படி விளித்தீர்களோ அதே விளி முடிவுரைக்குள்ளும் இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் நினைவூட்டலாம். அதற்கு பிரெஞ்சில் ஓர் அருமையான தொடர் உண்டு: "ஸோஃப் எரர் து மா பார்", என் பக்கம் பிழை இல்லையென்றால், இன்னும் பதில் கிடைக்கவில்லை. தவறை முதலில் உங்கள் மேல் போட்டுக்கொள்வது போல வைத்து, அவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் வாக்கியம். வீட்டுக்காரருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத இதைவிட நல்ல ஆயுதம் இல்லை என்பேன்.

எல்லாம் சரியாகச் சொல்லியும் அதே நடத்தை

அப்படியானால் கோளாறு உங்களிடம் இல்லை. ஆளுக்கு நாள் சரியில்லாமல் இருக்கலாம், பாரிஸில் அவசரம் எல்லாருக்கும் உண்டு. வேறு நேரத்தில், வேறு ஊழியரிடம் முயன்று பாருங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் கிடைத்தது உங்களுக்கு மட்டும் மறுக்கப்பட்டால், நிறத்தையோ பெயரையோ உச்சரிப்பையோ சொல்லிப் பேசினால், அதை "நான் போன்ஜூர் சரியாகச் சொல்லவில்லையோ" என்று உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். மரியாதைச் சொற்களைக் கற்பது நம் வேலை, அவமதிப்பைப் பொறுத்துக்கொள்வது நம் வேலை இல்லை.

அந்த இடத்திலும் வூவை விடாதீர்கள். குரலை உயர்த்தாமல் "பூரியே வூ மு தொன்னே வோத்ரு நோன், சில் வூ ப்ளே?", உங்கள் பெயரைத் தர முடியுமா, என்று கேளுங்கள். தேதி, நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர் யார் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். 2011-இலிருந்து இயங்கும் தெஃபான்ஸர் தே த்ருவா என்ற உரிமைக் காப்பு அமைப்பு, பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்காக 39 28 என்ற தொலைபேசி எண்ணை நடத்துகிறது. கூப்பிடும்போது அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.